அகழி சூழ்ந்த பழைய மேனர் மனையை நிலத்தில் வாசிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஒரு வரைபடத்தில் ‘மோட்’ என்று பழங்கால எழுத்துருவில் போட்டிருந்தது. அகழி என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். சுவர் இல்லை, கோபுரம் இல்லை, தண்ணீர்கூட இல்லை. புல் மூடிய சில மேடு பள்ளங்கள். இரண்டு சுற்று சுற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதே வயலுக்கு ஒரு ஜனவரி மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி போனேன். சூரியன் வேலி உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. நிலம் முழுக்க நிழல் விழுந்து கோடு கோடாக எழுந்து நின்றது. ஒரு பெரிய சதுரம், அதைச் சுற்றி அகலமான பள்ளம், ஒரு மூலையிலிருந்து ஓடைப் பக்கம் போகிற வாய்க்கால், கொஞ்சம் தள்ளி ஒரு குளத்தின் கரை. எழுநூறு வருஷத்துக்கு முன் ஒரு வீடு இருந்த மனை. அன்றைக்குத்தான் புரிந்தது: முதல் தடவை நான் கட்டடத்தைத் தேடினேன். தேடியிருக்க வேண்டியது தண்ணீர் வந்த வழியை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கும், அங்கே போகிறபோது அரண்மனைகளைத் தாண்டி ஏதாவது பார்க்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில், இது என்ன மாதிரி இடம்?

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த மனைகள் சுமார் 6,000 அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையில் வெட்டப்பட்டவை. மத்திய, கிழக்கு மாவட்டங்களில் குவிந்து கிடக்கின்றன. எஸ்ஸெக்ஸ், சஃபோக் பக்கம் போனால் ஊருக்கு ஒன்று தென்படும். காரணம் எளிது: அங்கெல்லாம் களிமண். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தானாக நிற்கும்.

மேனர் என்பது ஒரு பிரபுவின் பண்ணை. அவருக்குச் சொந்தமான நிலம், அவருக்கு வேலை செய்யக் கடமைப்பட்ட குடியானவர்கள், அவர் தலைமையில் கூடும் நீதிமன்றம், எல்லாம் சேர்ந்ததுதான் மேனர். நம் ஊர்ப் பண்ணையாரை நினைத்துக்கொண்டால் பாதி தூரம் சரியாகப் போகலாம். அந்தப் பண்ணையின் தலைமை வீட்டைச் சுற்றித்தான் இந்த அகழி.

அகழி என்றதும் முதலையும் முற்றுகையும் ஞாபகத்துக்கு வருகிறதா? மறந்துவிடுங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரம்கூடப் படையைத் தாங்காது. திருடனையும் காட்டு விலங்கையும் தள்ளிவைக்கும், மீன் வளர்க்கலாம், தீப்பிடித்தால் தண்ணீர் பக்கத்தில் இருக்கும், ஈரக் களிமண்ணில் வீட்டுத் தரை காய்ந்திருக்க வடிகாலாகவும் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கிறவனுக்குப் ‘பெரிய வீடு’ என்று தெரியும். கோட்டை கட்ட வசதியில்லாத சின்னப் பிரபுக்களும் ஓரளவு வசதி வந்த விவசாயிகளும் கோட்டையின் ஒரு அங்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இதுதான் இந்த இடங்களில் பிடித்த விஷயம். அந்தஸ்து காட்டும் ஆசை ஊருக்கு ஊர் மண்ணில் பதிந்து கிடக்கிறது.

படி 1: வீட்டிலிருந்தே தேடுங்கள்

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரைபடங்கள் 1:25,000 அளவில் இருக்கும். அதில் ரோமானியர் காலம் அல்லாத பழஞ்சின்னங்களுக்குத் தனியாக, பழைய பைபிள் எழுத்துப் போல ஒரு கோதிக் எழுத்துரு உண்டு. அந்த எழுத்தில் ‘மோட்’ என்று வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் நீல நிறத்தில் சதுரமோ, இரண்டு பக்கம் மட்டும் மிச்சமிருக்கும் ‘ட’ வடிவமோ தெரியும். ‘ட’ வடிவக் குட்டையைக் கண்டால் விடாதீர்கள். இயற்கை அப்படி ஒரு செங்கோணம் போடாது.

அடுத்து ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டு வரைபடங்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பழையதையும் இன்றைய வான்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்று குடியிருப்பாகவோ கார் நிறுத்துமிடமாகவோ ஆகிவிட்ட அகழிகள் அதில் முழுசாக இருக்கும்.

பெயர்களும் சாட்சி சொல்லும். மோட் ஃபார்ம், மோட் ஹவுஸ், ஹால் ஃபார்ம், கோர்ட் ஃபார்ம் போன்ற பண்ணைப் பெயர்கள். 1836-ஆம் வருடச் சட்டத்தையொட்டி வரையப்பட்ட தசமபாக வரி (தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வரைபடங்களில் வயல்களுக்குக்கூடப் பெயர் இருக்கும்: ‘அகழி வயல்’, ‘பழைய மாளிகைக் கொல்லை’, ‘புறாக்கூட்டு வயல்’ என்ற பொருளில் வரும் பெயர்களைத் தேடுங்கள். புறாக்கூடு என்றால் பிரபு வீட்டுக்காகப் புறா வளர்த்த கட்டடம்.

அப்புறம் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியல். பழஞ்சின்னங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஏழு இலக்க எண், எல்லைக்கோடு போட்ட வரைபடம். ஒரு சின்ன எச்சரிக்கை: 1986-இல் தொடங்கிய மறு ஆய்வுக்குப் பிறகு எழுதப்பட்ட பதிவுகளில் பக்கம் பக்கமாக விவரம் இருக்கும், அதற்கு முந்தைய பழைய பதிவுகளில் பெயரும் எல்லையும் மட்டும்தான். விவரம் இல்லாததால் இடம் முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் இன்னும் எழுதவில்லை, அவ்வளவே.

படி 2: லைடார் படத்தில் புல்லை விலக்கிப் பாருங்கள்

விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து நிலத்தின் உயரத்தை அளப்பதுதான் லைடார். சில துடிப்புகள் இலையில் பட்டுத் திரும்பும், சில இடுக்கு வழியாகத் தரை வரை போகும். கடைசியாகத் திரும்பியவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் மரங்கள் காணாமல் போய் வெறும் தரை வரும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெள்ள அபாயத்தைக் கணிக்க இதைச் செய்தது. 1 மீட்டர் துல்லியத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொல்லியலுக்குக் கிடைத்த போனஸ் என்றுதான் சொல்ல வேண்டும்.

இறக்குகிறபோது ‘நிலப்பரப்பு மாதிரி’ என்பதை எடுங்கள். ‘மேற்பரப்பு மாதிரி’யில் மரமும் கூரையும் சேர்ந்து வரும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் முதலில் சாம்பல் நிறப் பலகை மாதிரித்தான் தெரியும். பயப்பட வேண்டாம். ‘ஹில்ஷேட்’ என்ற நிழல் காட்சிக்கு மாற்றுங்கள். அது வெளிச்சத்தை வடமேற்கிலிருந்து, 315 பாகையில், 45 பாகை உயரத்திலிருந்து போடும். அந்த உயரம் மலைக்குச் சரி, நம் பள்ளத்துக்கு ஆகாது. 15 அல்லது 20 பாகைக்கு இறக்குங்கள். செங்குத்து அளவை மூன்று மடங்காக்குங்கள். அரை மீட்டர் மேடுகூட முகம் காட்டும்.

வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றிப் பார்ப்பது அவசியம். வெளிச்சம் போகிற திசையிலேயே ஒரு பள்ளம் ஓடினால் அதற்கு நிழலே விழாது. படத்தில் அது இருக்காது. இன்னொரு பொறியும் உண்டு. தெற்கிலிருந்து வெளிச்சம் போட்டால் நம் கண் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றிப் படித்துவிடும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு மீன்குளத்தைப் புறாக்கூடு இருந்த மேடு என்று நம்பிக் குறிப்பெழுதியிருக்கிறேன். கர்சரை வைத்து உயர எண்ணைப் படித்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

படி 3: ஏடுகள்

இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் தவிர்க்கவும் வேண்டாம். மாவட்ட வரலாறுகளின் பல தொகுதிகள் ‘பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்’ தளத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த மேனர் யார் யார் கைக்குப் போனது என்று வரும். நிலக்கிழார் இறந்ததும் அரசர் தரப்பில் எடுத்த சொத்துக் கணக்குகள் இன்னும் சுவாரசியம்: வீடு, தோட்டம், புறாக்கூடு, ஆலை, இத்தனை ஏக்கர் உழவு நிலம் என்று அடுக்கியிருப்பார்கள். அதில் வரும் புறாக்கூட்டையும் ஆலையையும் பிறகு நிலத்தில் தேடலாம். உள்ளூர்த் தொல்லியல் பதிவுகளுக்கு ‘ஹெரிடேஜ் கேட்வே’ தளத்தைப் பாருங்கள்.

படி 4: கிளம்புமுன் சட்டம்

பிரிட்டனில் பழஞ்சின்னங்களுக்கான முதல் பாதுகாப்புச் சட்டம் 1882-இல் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி அட்டவணையில் சேர்க்கப்பட்ட சின்னங்கள் இங்கிலாந்தில் சுமார் 20,000. பல நூறு அகழி மனைகள் அதில் உண்டு.

அட்டவணையில் இருக்கும் இடத்தில் மண்ணைக் கிளறுவது, நிரப்புவது, வேலிக்கால் நடுவது, வடிகால் வெட்டுவது எதற்கும் முன் அனுமதி வேண்டும். நில உரிமையாளரே ஆனாலும் வேண்டும். ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் ஆலோசனையைக் கேட்டு, கலாசாரத் துறை அமைச்சரின் பெயரில் அனுமதி வழங்கப்படும். சாதாரணக் கட்டட அனுமதி இதற்கு ஈடாகாது, அது வேறு இது வேறு.

பார்க்கப் போகிறவருக்கு முக்கியமானவை இவை. உலோகம் தேடும் கருவியை அனுமதியில்லாமல் அங்கே பயன்படுத்துவதே குற்றம். ஏதாவது கிடைத்ததா இல்லையா என்பது கேள்வியே இல்லை. மண்ணுக்குள் ஊடுருவிப் பார்க்கும் மின், காந்தக் கருவிகளுக்கும் அதே விதிதான். எலி வளையருகே கிடக்கும் ஓட்டுச் சில்லைக்கூட எடுக்காதீர்கள். வடக்கு இங்கிலாந்தின் எபியாகம் ரோமானியக் கோட்டையில் அகழாய்வு கூடாது என்பதால், முறையான அனுமதியோடு, துன்னெலிகள் தள்ளிய மண்குவியல்களைத் தன்னார்வலர்கள் சலித்துப் பார்த்தார்கள். எலிக்கு அனுமதி தேவையில்லை, நமக்குத் தேவை.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் பொதுமக்கள் நுழையலாம் என்றும் ஆகிவிடாது. பெரும்பாலானவை தனியார் வயல்கள். வரைபடத்தில் பச்சைக் கோடாகக் காட்டப்பட்ட பொதுப் பாதை அருகே போனால் அதிலிருந்து பாருங்கள். உள்ளே போக வேண்டுமென்றால் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் மறுத்தவர்களைவிட, கூடவே வந்து தாத்தா காலத்துக் கதை சொன்னவர்கள்தான் அதிகம்.

படி 5: தண்ணீரைப் பின்தொடருங்கள்

குளிர்காலம்தான் காலம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை புல் குட்டையாக இருக்கும், வெயில் சாய்ந்திருக்கும். லேசான உறைபனி விழுந்த காலை கிடைத்தால் அதிர்ஷ்டம். நிழல் விழும் சரிவில் மட்டும் வெள்ளை தங்கி நிற்கும். கோடையில் போவதானால் கடும் வறட்சி வருஷத்தில் போங்கள். புதைந்த சுவர்மேல் புல் முதலில் கருகும்.

வந்ததும் அகழி சூழ்ந்த நடுத் திட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். வெளியே நின்று, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். அகழி நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். சரிவான இடத்தில் அது தானாக நடக்காது. ஆகவே தாழ்ந்த பக்கத்தில் வெளிக்கரை ஒன்று கட்டியிருப்பார்கள். மேல்பக்கத்தில் பள்ளம் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். தாழ்ந்த பக்கத்துக் கரைதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம். அது உடைந்த இடம் இருந்தால், பெரும்பாலும் அங்கேதான் மதகோ கலிங்கோ இருந்திருக்கும், அல்லது பிற்கால விவசாயி தண்ணீரை வடிக்க வெட்டியிருப்பார். இரண்டையும் பிரிப்பது எப்படி? பிற்கால வெட்டு குறுகலாக, விளிம்பு கூர்மையாக, நேராக ஒரு வயல் வடிகாலில் போய்ச் சேரும்.

இனி மேல்பக்கம் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது? மூன்று வழி உண்டு. ஊற்று, ஓடையிலிருந்து பிரித்த வாய்க்கால், இரண்டும் இல்லாமல் களிமண்ணில் தேங்கும் மழை நீர். வாய்க்கால் இருந்தால் அகழியின் மூலையில் ஒரு ஆழமற்ற தடம் வந்து சேரும். அதைப் பிடித்து நடங்கள். அது சரிவைக் குறுக்காக, மெல்ல ஏறி, நீங்கள் எதிர்பார்க்காத தூரத்தில் ஓடையைத் தொடும். ஒரு கோடை முழுக்க இரண்டு பேர் மட்டம் பார்த்து வெட்டியிருப்பார்களோ என்று தோன்றும். அந்த வாய்க்கால்தான் அகழியைவிட அதிக யோசனை கேட்ட வேலை என்பது என் கட்சி.

தண்ணீர் வந்த வழி புரிந்ததும் திட்டைப் பாருங்கள். சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமா, அதே மட்டமா? இங்கே ஒரு சின்னக் கணக்கு. 40 மீட்டர்ச் சதுரத் திட்டு, சுற்றிலும் 10 மீட்டர் அகலப் பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தின் பரப்பு 2,000 சதுர மீட்டர். நடுவில் 2 மீட்டர் ஆழம், ஓரம் சரிவு என்றால் வெட்டிய மண் சுமார் 3,000 கன மீட்டர். ஒருவர் நாளைக்கு 2 கன மீட்டர் களிமண் வெட்டினால் 1,500 ஆள்வேலை. பதினைந்து பேருக்கு நூறு நாள். அந்த மண் முழுவதையும் திட்டின்மேல் கொட்டியிருந்தால் அது கிட்டத்தட்ட 2 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் திட்டு அரை மீட்டர்தான் உயரமா? மிச்ச மண் எங்கே? வெளிக்கரையைப் பாருங்கள், குளத்தின் கரையைப் பாருங்கள். அங்கேதான் போயிருக்கும்.

திட்டின்மேல் செவ்வகமான லேசான மேடுகள் கட்டட அடித்தளங்கள். மரச்சட்ட வீடுகள் என்பதால் கல் அதிகம் இருக்காது. திட்டுக்கு எப்படிப் போனார்கள் என்பதும் கேள்வி: ஒரு பக்கத்தில் பள்ளத்தை வெட்டாமல் விட்ட மண்பாலம் இருக்கலாம், அல்லது மரப்பாலம் இருந்து பிற்காலத்தில் அதை மண் போட்டு மூடியிருக்கலாம். பாலத்தின் இரு பக்கமும் பள்ளத்தின் விளிம்பு வளைந்து முடிந்தால் பழையது. நேராக வந்து மண்ணுக்குள் மறைந்தால் பிற்காலத்தியது என்று சந்தேகிக்கலாம்.

சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட தைரியத்தில் ஒரு தடவை காலை வைத்தேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. வேடிக்கையைத் தாண்டி ஒரு காரணமும் உண்டு. காற்றுப் புகாத அந்தச் சேற்றில்தான் மரம், தோல், விதை, மகரந்தம் எல்லாம் கெடாமல் கிடக்கும். பர்மிங்ஹாமில் வியோலி காசில் என்ற அகழி மனையில் அப்படி ஈர மண்ணுக்குள்ளிருந்து 13-ஆம் நூற்றாண்டு மரச் சமையல்கட்டின் அடிப்பாகம் கிடைத்தது. தண்ணீரை வடித்துவிட்டால் சில வருஷங்களில் இதெல்லாம் மக்கிப்போகும்.

படி 6: அகழிக்கு வெளியே நடங்கள்

பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். திட்டு எஜமானரின் வீட்டுக்கு. களஞ்சியம், தொழுவம், மது காய்ச்சும் கூடம் போன்றவை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். குளங்கள் வரிசையாக, செவ்வகமாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இறங்கும்படி இருந்தால் மீன்குளங்கள். வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சி கூடாது என்ற காலம் அது, மீன் வேண்டும். ஊருக்கும் வீட்டுக்கும் இடையே வண்டியும் மாடும் நடந்து தேய்ந்து பள்ளமாகிப்போன பாதையும் இருக்கலாம்.

அப்புறம் உழவுச் சால்கள். புல்வெளி அலை அலையாக, நெளி நெளியாக இருந்தால், அது இடைக்கால உழவின் தடம். எட்டு மாடு பூட்டிய நீளமான ஏரை வயல் முடிவில் திருப்ப முன்கூட்டியே வளைக்க வேண்டியிருந்ததால், அந்த மேடுகள் கண்ணாடியில் பார்த்த ஆங்கில ‘எஸ்’ போல வளைந்திருக்கும். பிற்கால உழவின் தடங்கள் நேராகவும் குறுகலாகவும் இருக்கும்.

இந்தச் சால்களும் அகழியும் சந்திக்கும் இடத்தில் மண்டியிட்டுப் பாருங்கள். சால் ஓடிவந்து பள்ளத்தின் விளிம்பில் சட்டென்று அறுபட்டு, எதிர்ப்பக்கம் அதே நேர்கோட்டில் தொடர்ந்தால், வயல் முதலில், அகழி பிறகு. யாரோ உழுதுகொண்டிருந்த நிலத்தை எடுத்துத்தான் பிரபு வீடு கட்டினார். சால் தூர்ந்துபோன பள்ளத்தின்மேலேயே ஏறிப் போனால், வீடு கைவிடப்பட்ட பிறகு உழுதிருக்கிறார்கள். 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு வேலைக்கு ஆள் கிடைக்காமல், பல பண்ணைகளின் முறையே மாறிப்போனது. ஒரு தேதியும் எழுதாமல் மண் முன்பின் வரிசையைச் சொல்லிவிடுகிறது.

படி 7: வரைபடம் வரையுங்கள்

புகைப்படம் எடுத்தால் போதாதா? போதாது. வரையும்போதுதான் ஒவ்வொரு சரிவும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முடிவெடுக்க வேண்டி வரும்.

தேவையானவை: 30 மீட்டர் டேப் இரண்டு, கட்டம் போட்ட தாள், அட்டை, பென்சில். மழைத் தூறலில் பேனா மை கரைந்துவிடும். கூட ஒருவர் இருந்தால் நல்லது. அளவை 1:500 என்று வையுங்கள். தாளில் 1 சென்டிமீட்டர், நிலத்தில் 5 மீட்டர். முளை அடிக்கவோ குச்சி குத்தவோ கூடாது, பாதுகாக்கப்பட்ட மண். டேப்பின் முனையில் ஒரு பையை வைத்தால் போதும்.

திட்டின் குறுக்கே, இரண்டு பக்கப் பள்ளத்தையும் தாண்டும்படி ஒரு மூலக்கோடு போடுங்கள். அதன் நெடுக ஐந்து மீட்டருக்கு ஒரு முறை செங்கோணத்தில் இரண்டாவது டேப்பை நீட்டி, சரிவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எத்தனை மீட்டரில் வருகின்றன என்று குறியுங்கள். செங்கோணம் சரியா என்று சந்தேகம் வந்தால் மூன்று, நான்கு, ஐந்து மீட்டர் முக்கோணம் போட்டுப் பாருங்கள். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் அதே கணக்கு.

இப்போது சாய்வுக் குறிகள். தலைப்பிரட்டை மாதிரி இருக்கும்: தடித்த தலை மேல்விளிம்பில், மெலிந்த வால் சரிவு இறங்கும் திசையில். செங்குத்தான சரிவுக்கு நெருக்கமாக, தடிமனாக. மெல்லிய சரிவுக்கு விலகலாக. இந்த ஒரு குறியைப் படிக்கத் தெரிந்தால், நூறு வருஷமாக இங்கிலாந்துத் தொல்லியலாளர்கள் வரைந்த எந்தத் திட்டப்படத்தையும் படித்துவிடலாம். முதல் படம் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. பரவாயில்லை.

சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அழகுக்காகக் கோட்டை இணைக்காதீர்கள்.

படி 8: இடத்தின் உடல்நிலை

திரும்புமுன் ஒரு பார்வை. முயல் வளைகள், மாட்டுக் குளம்பால் உடைந்த கரை, திட்டின்மேல் வளர்ந்த பெரிய மரம். மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு மண்ணைத் தூக்கிவிடும்; அடித்தளம் அதோடு போகும். இந்த இடங்களுக்கு நல்ல காவலன் குட்டைப் புல்லும் செம்மறியாடும்தான். மாடு கனம் அதிகம், ஈரத்தில் மிதித்துக் குழப்பும். புதிதாகத் தோண்டிய சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தால் இரவில் உலோகம் தேடியவர்கள் வேலையாக இருக்கலாம். அவசரமில்லாத போலீஸ் எண்ணுக்குச் சொல்லி, ‘பாரம்பரியக் குற்றம்’ என்று பதியச் சொல்லுங்கள். ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நீங்கள் பார்த்த இடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பயிற்சிக்கு இரண்டு இடங்கள்

மேற்கு லண்டனில் தமிழர்கள் நிறைய வாழும் பகுதிகளிலேயே இரண்டு நல்ல மனைகள் இருக்கின்றன. ரேய்னர்ஸ் லேனில் மளிகை வாங்கப் போகிற பலர் இவற்றைப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

முதலில் ஹாரோவின் ஹெட்ஸ்டோன் மேனர். மரச்சட்ட வீட்டின் பழைய பகுதி 1310 வாக்கில் கட்டப்பட்டது. 1344-இல் கேன்டர்பரி பேராயர் ஜான் ஸ்ட்ராட்ஃபோர்டு வாங்கினார். இருநூறு வருஷம் பேராயர்கள் கையில் இருந்து, 1540-களில் எட்டாம் ஹென்றி அரசரிடம் போனது. இப்போது அருங்காட்சியகம், நுழைவு இலவசம். அகழியில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. ஹெட்ஸ்டோன் லேன் நிலையத்திலிருந்து நடக்கலாம். வீடு அகழிக்கு உள்ளே, 1506-இல் கட்டிய பெரிய களஞ்சியம் வெளியே. ஆறாவது படியில் சொன்ன பிரிவினை கண்ணெதிரே நிற்கும். பூங்காவில் ஓடும் யெடிங் ஓடை அகழிக்கு எந்தப் பக்கம், நிலம் எங்கே சரிகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்து நார்தோல்ட். சென்ட்ரல் லைனில் இறங்கி, மேட்டின்மேல் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்கு நடந்தால், பக்கத்திலேயே பெல்வ்யூ பூங்கா. அங்கே வீடு இல்லை, மேடும் பள்ளமும்தான். லண்டன் மேயராக இருந்து, அரசியல் சூழலில் சிக்கி 1388-இல் தூக்கிலிடப்பட்ட நிக்கோலஸ் பிரெம்பர் கையில் ஒருகாலத்தில் இருந்த மேனர் இது. 1950-களில் இங்கே அகழாய்வு செய்தவர்களில் ஜான் ஹர்ஸ்ட் ஒருவர். யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தைப் பல பத்தாண்டுகள் தோண்டி, இடைக்கால ஊர்களைப் பற்றிய ஆராய்ச்சியையே மாற்றியவர்.

ஹெட்ஸ்டோனைக் காலையிலும் நார்தோல்ட்டைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் பார்த்த வீட்டையும் தண்ணீரையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்தால் இரண்டாவதன் வெறும் புல் பேசும். டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஒன்றரை மணிக்கே நார்தோல்ட் பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்தில், சூரியனைப் பார்த்து நில்லுங்கள்.